நான் பொய்யாக இருமிய நாள்

நானா,

மூன்று நாளாகப் பிடோக்கில் எதிர் அடுக்குமாடி புளோக்கே தெரியவில்லை. கடலுக்கு அக்கரையில் காடு எரிகிறதாம். அந்தப் புகை இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. மகள் சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகியிருக்கிறாள். அப்படியும் பாதி எரிந்த விறகின் வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. காலையில் மின்தூக்கியில் அடுத்த வீட்டுப் பெண் நின்றாள். அவள் மூச்சு மெல்ல விசிலடித்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அது என்ன சத்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலே வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோலெல்லாம் ராணுவத்துக்குப் போக, லாரிகள் அடுப்புக்கரியில் ஓடின. நம் லாரியின் முதுகில் ஓர் இரும்பு டிரம். அதில் கரியைக் கொட்டி, தீமூட்டி, விசிறியைச் சுழற்றி அரைமணி நேரம் தவம் கிடந்தால்தான் எஞ்சின் உறுமும். கரி போடுகிறவன் நான், ஓட்டுகிறவர் நீங்கள், உங்கள் நாகூர்ப் பேச்சில் எனக்கு நானா, அதாவது அண்ணன். உட்லண்ட்ஸில் மரவள்ளியும் கீரையும் ஏற்றிக்கொண்டு தேக்கா சந்தைக்கு வருவோம். புக்கித் தீமா மேட்டில் லாரி மூச்சு முட்டி நிற்கும். நீங்களும் கூடவே திணறுவீர்கள். "ரெண்டு பேர்ல யாருக்கு நானா முதல்ல விசிற?" என்று கேட்பேன். சிரிக்கப்போய் உங்களுக்கு இன்னும் இழுக்கும். அப்போது எனக்கு வாய்தான் நீளம், புத்தி இல்லை.

நாகூர்க் கடற்காற்றில் அடங்கிக் கிடந்த இழுப்பு அது. இந்தத் தீவு ஜப்பான்காரனிடம் விழுந்த வாரத்தில் எண்ணெய்க் கிடங்குகள் எரிந்து, மழையே கறுப்பாகப் பெய்ததே, அன்றைக்குக் கிளம்பியது, பிறகு அடங்கவேயில்லை. "நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துது தம்பி" என்பீர்கள். சிராங்கூன் சாலையில் மாடியறையில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவீர்கள். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பீர்கள். "புகையால வந்ததுக்குப் புகையா மருந்து?" என்று கேட்டால், "முள்ள முள்ளாலதானே எடுக்கணும்" என்பீர்கள். எடுத்த முள்ளைவிடத் தங்கிய முள்தான் அதிகம்.

இந்த இழுப்பு வெளியே தெரியக்கூடாது என்பதுதான் நம் இருவருக்கும் இருந்த ஒரே கவலை. சயாமில் ரயில் பாதை போட ஒவ்வொரு லாரிக் கொட்டகையும் ஆள் கொடுக்க வேண்டும். நம் ஜப்பானிய மேற்பார்வையாளன் வேலைக்கு உதவாதவனைத்தான் பட்டியலில் முதலில் எழுதுவான். போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பியிருக்கவில்லை. அவன் வரும்போதெல்லாம் நான் டிரம்மைத் தட்டிச் சத்தம் எழுப்புவேன். அந்த இரைச்சலில் உங்கள் நெஞ்சுச் சத்தம் அமுங்கிவிடும்.

ஒரு நாள் ஈரக்கரி வந்தது. புகை நேராக உங்கள் இருக்கைக்கே போயிற்று. அன்றைக்கென்று அவன் பின்னாலேயே நின்றிருந்தான். விசில் சத்தம் கேட்டு, "சியாப்பா?" என்றான். மலாயில் யார் என்று கேட்கிறான். கரி போடுகிறவன் இருமினால் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து, "நான்தான் துவான்" என்று பணிவாகச் சொல்லி இருமிக் காட்டினேன். என்னவோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டான். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

மறுநாள் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நீங்கள் முன்னால் போய், "அவன் சொன்னது பொய். நெஞ்சு என்னுது" என்றீர்கள். அவன் நம்பவில்லை. கூட்டாளிக்காகப் பேசுகிறீர்கள் என்று நினைத்தான். உடனே நீங்கள் டிரம்மின் மூடியைத் திறந்து, குனிந்து, அந்தப் புகையை வாய்நிறைய இழுத்தீர்கள். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. பிறகு கிளம்பியது பாருங்கள், கொட்டகையின் கடைசிவரை கேட்டது. அவன் என் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதினான்.

நின்று பேசக்கூட முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "என் பொண்டாட்டி புள்ள நாகூர்ல பத்திரமா இருக்கு. உன்னுது இங்கல்ல இருக்கு. போய் ஆகுற வேலையப் பாரு." நான் இன்னொருமுறை இருமியிருக்கலாம். முதல் நாள் அவ்வளவு சுலபமாக வந்த பொய், அன்று வரவில்லை. அவரவர் உயிர் அவரவருக்கு வெல்லக்கட்டி. அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகைகூட இல்லை நானா, நிம்மதிதான். இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பிறந்தவள்தான் இன்று ஈரத்துணி செருகிவிட்டுப் போன மகள்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒருவரைச் சாப்பாட்டுக்கடையில் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தார். உங்களைத் தெரியும் என்றார். "அந்தக் காட்டுல அவருக்கு ஒருநாள்கூட இழுக்கலைங்க. மல்லாந்து படுத்துத் தூங்குவாரு. வாந்திபேதிதான் கொண்டுபோயிருச்சு." எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

போன மாதம் கிளினிக்கில் ஒரு சின்ன வயது டாக்டர் என் முதுகில் குழாயை வைத்துப் பார்த்தான். நல்ல பையன். "அங்கிள், இந்த வயசுல இவ்ளோ கிளியரான நெஞ்சு நான் பாத்ததே இல்ல லா" என்று என்னைப் பாராட்டினான். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கரிப்புகையில் அத்தனை வருடம் நின்றவன் நான். அந்தப் பொய்யை மெய்யாக்குவதற்காவது இந்த நெஞ்சு ஒருமுறை விசிலடித்திருக்கக் கூடாதா? அடிக்கவில்லை. உங்கள் பங்கையும் சேர்த்து நன்றாகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன், நானா.