காப்பி என்ற பெயரில் இருந்த கோப்பு

ஜனவரி 19, திங்கள்

வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. மல்லி காயப்போட்டேன். பால்காரர் மறுபடியும் தாமதம், சொல்லியாயிற்று.

காலை வேலை: மடிக்கணினியில் வாலிபால் லீக் கோப்புகளை ஒழுங்கு செய்தது. வீட்டுக்காரர் இருந்தவரை ஸ்கோர் எழுதுவது அவர் பொறுப்பு. அவர் போன பிறகு ஆளில்லை என்று கிளப் செயலாளர், அச்சகம் நடத்தும் ஜைலானி பாய் வந்து நின்றார். கூட்டலைத் தப்பாகப் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதால் ஒப்புக்கொண்டேன். இப்போது எல்லாம் மென்பொருள். ஒவ்வொரு புள்ளியையும் யார் எடுத்தது என்று தட்டினால் போதும். சீசன் முழுவதும் ஒரே டேட்டாபேஸ் கோப்பில் சேர்ந்துகொள்ளும்.

ஒரே சீசனுக்கு அங்கே இரண்டு கோப்பு. 'மகளிர் லீக்', 'மகளிர் லீக் காப்பி'. ஒரு பொருளுக்கு ஓர் இடம் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் வளர்த்த கை. காப்பியை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். மேசையைத் துடைத்து முடித்தாற்போல் நிறைவு.

மாலை பாண்டிச்செல்வி போன். விஸ்வநத்தம் அணிக்கு வலையோரம் எழும்பி அடிக்கும் அடி ஆட்டக்காரி, பட்டாசுக் கம்பெனியில் வேலை. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம். இந்த சீசனில் எடுத்த புள்ளிகளின் ரிப்போர்ட் வெள்ளிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"போனைக் கேட்லயே வாங்கி வச்சிருவாக டீச்சரம்மா. அஞ்சு மணிக்கு மேல நானே கூப்பிடுறேன்."

நான் டீச்சர் இல்லை. பி.டி. மாஸ்டரின் மனைவி. எத்தனை முறை சொல்வது.

ஜனவரி 20, செவ்வாய்

ரிப்போர்ட் எடுக்க 'மகளிர் லீக்' கோப்பைத் திறந்தேன். அணிகள் இருக்கின்றன. பெயர்கள் இருக்கின்றன. ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

மூடித் திறந்தேன். காபி குடித்துவிட்டு மறுபடி திறந்தேன். அதுவே.

ஆக, இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நான் தட்டியது எல்லாம் அந்தக் காப்பிக்குள் போயிருக்கிறது. மென்பொருள் தானாக அதைத்தான் திறந்து தந்திருக்கிறது. மேலே கோப்பின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதை ஒரு நாளும் படிக்கவில்லை. நான், படிக்கவில்லை.

ஜைலானி பாயிடம் கேட்கலாம். ஆனால் போன மாதம் அரையிறுதி முடிந்த அன்று அவரை எல்லோர் முன்னும் திட்டியிருக்கிறேன். 'ஓகே', 'பைனல்', 'பைனல் ஓகே' என்று கோப்புகளை என் கணினி நிறைய வைத்திருந்தார். இது உங்கள் பிரஸ் இல்லை, பென் டிரைவை இனி இங்கே செருகாதீர்கள் என்றேன். சரிங்க என்று மட்டும் சொன்னார்.

உத்தேசமாகப் புள்ளிகளைத் தட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 21, புதன்

திருத்தங்கல் பஸ். நின்றுகொண்டே போனேன், இடம் கொடுத்த பெண்ணிடம் வேண்டாம் என்றது வீண் வீறாப்பு, முழங்கால் சொல்கிறது.

ஜை.யின் பிரஸ். காலண்டர் வேலை முடிந்து, தீப்பெட்டி லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டார். உட்காராமலே சொன்னேன்: அழித்துவிட்டேன், என் தவறு.

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே குழம்பினார்.

"ஒரிஜினல்ல யாராச்சும் வேலை பாப்பாகளா டீச்சரம்மா? கெட்டுப்போனா எங்கன போறது?"

பிரஸ்ஸில் அதுதான் வழக்கமாம். ஒரிஜினலைப் பூட்டி வைத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் அதே ஆர்டர் வந்தால் அதிலிருந்து ஒரு காப்பி எடுத்து, திருத்தம் எல்லாம் அதில். லீக்குக்கும் அப்படியே செய்து கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் கான்வென்ட்டில் காப்பி என்றால் முட்டி போட வைப்பார்கள்.

பிறகு அங்கிருந்த கணினியைத் தட்டித் தேடினார். நான் விரட்டிய கோப்புகள் எல்லாம் இங்கே குடியேறியிருக்கின்றன. அரையிறுதி வரை அத்தனை ஆட்டமும் இருக்கிறது. இறுதி ஆட்டம் மட்டும் இல்லை. போன ஞாயிறு இறுதி ஆட்டத்துக்குப் பென் டிரைவை எடுக்காமலே வந்தார். நான் வேண்டாம் என்றதால்.

குத்திக்காட்டவில்லை. அதுவே குத்தியது. டீ நன்றாக இருந்தது.

ஜனவரி 22, வியாழன்

இறுதி ஆட்டம், விஸ்வநத்தம் - திருத்தங்கல். செட் கணக்கு எல்லோருக்கும் தெரியும். எந்தப் புள்ளி யாருடையது என்பதுதான் போயிற்று. மூன்றாவது செட் மட்டும் திருத்தங்கல் முத்துமாரியின் போனில் வீடியோவாக இருக்கிறது. பைண்டிங் வேலை செய்கிறவள், அவளும் அடி ஆட்டக்காரி, வாய் நீளம்.

வேலை முடிந்து அவளும் செல்வியும் வந்தார்கள். மிக்சர், காபி. முன்னறையில் முழு ஆட்டத்தையும் மறுபடி ஆடினார்கள். பூந்தொட்டி ஒன்று நகர்ந்தது. இருவரும் ஒப்புக்கொண்டதை மட்டும் தட்டினேன். ஒப்பாதவை பெயரில்லாமல் அணிக் கணக்கில்.

இரண்டாவது செட்டின் கடைசிப் புள்ளியைச் செல்விக்குப் போடப் போனேன்.

"அது என்னோடது இல்ல. எங்க லட்சுமி தட்டிவிட்டது."

"கிறுக்கி," என்றாள் முத்துமாரி. "எதிர்ல நின்னவ நானே உனக்குக் குடுக்கச் சொல்றேன். மாவட்ட டீமுக்கு லட்சுமியா போகப்போறா?"

"லட்சுமிக்கு இந்த சீசன்ல அது ஒண்ணுதாம்ளா."

லட்சுமி என்று தட்டினேன்.

போகும்போது முத்துமாரி பூந்தொட்டியைப் பழைய இடத்தில் வைத்தாள். ஒரு சாண் தள்ளி. சரிசெய்துகொண்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

ரிப்போர்ட் தயார். கீழே ஒரு வரி சேர்த்தேன்: இறுதி ஆட்டத்தின் பதிவு ஸ்கோரரின் தவறால் அழிந்தது, தனிநபர் புள்ளிகள் இரு அணியினரும் ஒப்புக்கொண்டபடி.

ஜை. அந்த வரி வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள், உங்கள் நேர்மைக்கு அந்தப் பிள்ளை விலை கொடுப்பதா என்றார். வரியை எடுத்தேன். மறுபடி போட்டேன்.

ஐந்து மணிக்குச் செல்வி கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். வேன் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினாள்:

"போடுங்க. ஆனா உங்க தப்புன்னு போட வேண்டாம்."

முதல் பாதியைக் கேட்டேன். இரண்டாம் பாதியைக் கேட்கவில்லை. அனுப்பியாயிற்று.

ஜனவரி 24, சனி

மேகம். புடவைகள் இஸ்திரி.

பகலில் எங்கோ ஒரு வெடிச் சத்தம். விஸ்வநத்தம் பக்கமா என்று வாசலில் நின்று காது கொடுத்தேன். தெருவே நின்றது. விபத்து இல்லை, பட்டாசு டெஸ்டிங்தான். அவரவர் உள்ளே போனோம்.

கணினி மூடியில் ஒட்டியது: ஒரிஜினல் தொடாதே. வேலை காப்பியில். இன்னொரு காப்பி பிரஸ்ஸில், ஞாயிறுதோறும்.

ஜனவரி 27, செவ்வாய்

தகவல் இல்லை. நேற்றும் இல்லை. அந்த ஒரு வரியை மனதில் எடுப்பதும் போடுவதுமாக இருக்கிறேன். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

மாலை வாசல் தெளித்து நிமிர்ந்தால் முக்கில் கம்பெனி வேன். செல்வி இறங்கி ஓடி வந்தாள். கையெல்லாம் வெள்ளிப் பொடி. கேட்டைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்திலேயே நின்றாள். உள்ளே வா என்றேன்.

"கை பூரா மருந்து டீச்சரம்மா. இங்கனயே சொல்லிட்டுப் போயிறேன்."

தேர்வாளர் போன் செய்தாராம். முதல் கேள்வியே அந்த வரியைப் பற்றி. யார் எழுதச் சொன்னது, யார் எழுதியது, உனக்குச் சம்மதமா. எல்லாம் சொல்லியிருக்கிறாள். சரி, வியாழக்கிழமை விருதுநகர் வந்து ஆடிக் காட்டு என்றாராம். அங்கே நன்றாக ஆடினால்தான் இடம்.

"ஷூ போட்டுத்தான் ஆடணுமாம். நான் வெறுங்கால்லயே ஆடிப் பழகிட்டேன்."

வாங்கித் தருகிறேன் என்பதற்குள் வேன் ஹாரன். ஓடிவிட்டாள்.

ஜை.க்குப் போன் செய்தேன். பஜாரில் தெரிந்த கடை திறந்திருக்கிறதாம், கால் அளவு சொல்லுங்க என்கிறார். கேட்க மறந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே ஈர மண்ணில் அவளுடைய இரண்டு கால் தடமும் தெளிவாக இருக்கின்றன. காய்வதற்குள் ஸ்கேல் எடுத்துப் போக வேண்டும்.