கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம்

12.3.2007, திங்கள்

காலையில் கட்டிலை விட்டு எழ இருபது நிமிடம். சாக்ஸைத் தரணிதான் மாட்டிவிட்டாள். கட்டிய மனைவி சாக்ஸ் மாட்டிவிடுகிறாள், முப்பத்து நான்கு வயதுக்கு நல்ல முன்னேற்றம். இதே வேகத்தில் போனால் நாற்பதில் சோறும் ஊட்டிவிடுவாள்.

எங்கள் பனியன் கம்பெனியில் சரக்கு வாங்கும் ஜெர்மன்காரன் வியாழக்கிழமை ஆடிட்டுக்கு வருகிறான். அதனால் மதியம் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களுக்கு வகுப்பு எடுத்தேன். விசிட்டிங் கார்டில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர் என்று போட்டிருக்கிறது. வெளிநாட்டுக்காரன் கேட்டால் எங்கள் ஆட்கள் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் உத்தியோகம். ஓவர்டைம்? நானா விரும்பித்தானுங்க பாக்கறேன். தண்ணி? நல்லா இருக்குதுங்க. உடம்பு? ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்கறேனுங்க.

கருப்பாத்தாள் மட்டும் தகராறு. "ரெண்டு மாசமா இருமல் இருக்குதுங்களே சார். அதையும் இல்லைன்னே சொல்லட்டுங்களா?" என்றாள், இருமிக்கொண்டே. "அன்னிக்கு ஒரு நாள் இருமாம இருங்க, போதும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

16.3.2007

ஆடிட் பாஸ். முதலாளி ஞானசம்பந்தம் அண்ணன், "கண்ணு, நீ இருக்கறவரைக்கும் எனக்கென்ன கவலை" என்று முதுகில் தட்டினார். ஒரு நிமிடம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாராட்டு இனிமேல் வாய்வார்த்தையாக வந்தால் போதும்.

23.3.2007

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. என் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகின்றன, யாரோ உள்ளே உட்கார்ந்து ஓவர்லாக் தையல் அடிப்பதுபோல. மாத்திரைகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. இனி நரம்பில் ஏற்றும் டிரிப்தான் என்கிறார் டாக்டர் அம்மா. இன்ஃப்ளிக்சிமாப். பெயரைச் சொல்வதற்கே நாக்குக்குத் தனியாகப் பிசியோதெரபி வேண்டும்.

உடம்பைக் காக்க வேண்டிய படையே புத்தி கெட்டு என்னை அடிக்கிறதாம். இந்த மருந்து அந்தப் படையின் கையைக் கட்டிப்போடும். கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம். நான் அறுபது கிலோ, ஆக முந்நூறு. முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. துணியைக் கிலோவில் விலைபேசும் ஊர்க்காரன் நான். இப்போது நானும் கிலோ கணக்கில்.

கையைக் கட்டிப்போட்ட நேரம் பார்த்து, உள்ளே தூங்கும் டிபி கிருமி ஏதாவது இருந்தால் எழுந்துகொள்ளுமாம். அதற்காக முன்கூட்டியே சோதனைகள். கையில் போட்ட ஊசி மூன்றாம் நாளும் வீங்கவில்லை. எக்ஸ்ரே சுத்தம். "வீட்லயோ வேலை பாக்கற எடத்துலயோ யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்கா?" என்று கேட்டார். "இல்லீங்க டாக்டர்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. தொழில் பழக்கம்.

"காய்ச்சல், இருமல், எடை குறையறது, எது வந்தாலும் டிரிப்புக்கு உக்காரக் கூடாது, என்கிட்ட வரணும். மறைச்சா உயிருக்கே ஆபத்து" என்றார். தலையாட்டினேன். கழுத்துதான் ஆடவில்லை.

2.4.2007, திங்கள்

முதல் டிரிப். சிஸ்டர் அன்புசெல்வி முதலில் ஒவ்வாமைக்கு ஒரு ஊசி, காய்ச்சல் மாத்திரை ஒன்று. பிறகு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. அரை மணிக்கு ஒருதரம் பிரஷர் பார்க்கிறார். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் நகரவிடவில்லை. எங்கள் கம்பெனியில் யாரையும் இவ்வளவு அக்கறையாகக் கவனித்து நான் பார்த்ததில்லை, எம்பிராய்டரி மெஷினைத் தவிர.

16.4.2007

இரண்டாவது. பாதியில் கை, கழுத்தெல்லாம் அரிப்பு, நெஞ்சு கொஞ்சம் இறுக்கம். சொன்னால் நிறுத்திவிடுவார்களோ என்று திருட்டுத்தனமாகச் சொறிந்துகொண்டிருந்தேன். சிஸ்டர் பார்த்துவிட்டார். டிரிப்பை நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டு, அடங்கிய பிறகு மெதுவாக ஏற்றினார். "வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களாங்க? நாங்க என்ன உங்க ஆடிட்டரா?" என்றார். என் உத்தியோகத்தைத் தரணி சொல்லியிருக்கிறாள்.

29.4.2007

இன்று சாக்ஸ் நானே போட்டேன். இரண்டு காலுக்கும்.

20.5.2007, ஞாயிறு

மூன்றாவதும் ஏறி ஆறு நாள் ஆகிறது. காங்கேயத்தில் தரணியின் சித்தப்பா மகன் கல்யாணம். பந்தியில் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். திரும்பினேன் – கழுத்தை மட்டும். நான்கு வருடமாக, யார் கூப்பிட்டாலும் பீரோவை நகர்த்துவதுபோல ஆளோடு திரும்பியவன் நான். இலையில் ரசத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். சந்தோஷமாக இருக்கிறேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தோஷம்.

5.6.2007

சாயந்திரம் லேசாக உடம்பு சூடு. ஸ்டீம் அயர்னிங் பக்கம் நின்றிருப்பேன்.

14.6.2007

அயர்னிங் பக்கமே போகவில்லை. அப்படியும் சூடு. ராத்திரி பனியன் நனைந்து போகிறது. பனியன் ஊரில் பனியனுக்கா பஞ்சம், மாற்றிக்கொள்கிறேன். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. மூச்சை இழுத்தால் வலப்பக்கம் குத்துகிறது. வாயுவாக இருக்கும்.

வாயுதானா?

22.6.2007

தரணியோடு சண்டை. திங்கட்கிழமை அடுத்த டிரிப். டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்கிறாள். சொன்னால் நிறுத்துவார்கள். நிறுத்தினால் மறுபடி கட்டில், இருபது நிமிடம், சாக்ஸ். முடியாது. என்னால முடியாதுப்பா. இந்த ஒண்ணு மட்டும் ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். சிஸ்டர் என்ன கேட்பார், இவள் என்ன சொல்ல வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "சரிங்க" என்றாள். செக்கிங் பெண்களை விட வேகமாகப் பிடித்துக்கொண்டாள்.

25.6.2007, திங்கள்

பேனா இரண்டு தடவை தாளைக் கிழித்துவிட்டது. கோபத்தில்.

நான்கு கிலோ குறைந்திருக்கிறேன். தராசில் ஏறினால் தெரிந்துவிடும். ஈர நூலை எடை போட்டு விற்கிறவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! இன்று அதே வேலையை என் உடம்புக்குச் செய்தேன். ஜீன்ஸ், தடித்த பெல்ட், இரண்டு செல்போன், நான்கு பாக்கெட்டிலும் ஸ்டோரிலிருந்து எடுத்து வந்த பிரஸ் பட்டன் பொட்டலங்கள். ஐம்பத்தொன்பது காட்டியது. "ஒரு கிலோதானுங்க, பரவால்ல" என்றார் சிஸ்டர். காய்ச்சல் சாயந்திரம்தான் வரும், காலையில் நல்ல பிள்ளை. இருமல்? இல்லீங்க. வேர்வை? இல்லீங்க. அப்படி ஒரு சுத்தமான ஆடிட்.

சிஸ்டர் தரணி பக்கம் திரும்பினார். "ஊட்ல எப்படீங்க இருக்கறாரு?"

தரணி எழுந்து வந்தாள். என் பாக்கெட்டில் கைவிட்டுப் பொட்டலங்களை எடுத்து, ஊசி வைத்திருந்த தட்டில் ஒவ்வொன்றாக வைத்தாள். அப்புறம்தான் பேசினாள். "தெனமும் சாயந்தரம் காய்ச்சலுங்க சிஸ்டர். ராத்திரி பெட்ஷீட்டப் புழியலாமுங்க. என்னையும் பொய் சொல்லச் சொன்னாருங்க."

சிஸ்டர் திட்டக்கூட இல்லை. உடைக்காத மருந்துக் குப்பிகளை ஃபிரிட்ஜில் திருப்பி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

வராந்தாவில் நின்று கத்தினேன். "நான் நிமிந்து நடக்கறது உனக்குப் பொறுக்கலையா?" அவள் அழுதுகொண்டே, "குனிஞ்சு நடந்தாலும் நீங்க நடக்கோணுமுங்க" என்றாள்.

4.7.2007

டிபி. வலப்பக்க நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருந்தது. ஊசியால் எடுத்தார்கள், பீர் நிறம். அந்த நான்காவது டிரிப் ஏறியிருந்தால் உடம்பு முழுக்கப் பரவி மூளை வரைக்கும் போயிருக்கலாம் என்றார் டாக்டர் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஆறு மாதம் டிபி மாத்திரை. அதுவரை டிரிப் கிடையாது. பழைய கிருமி விழித்ததா, புதிதாக வந்ததா? கிருமி லேபிள் தைத்துக்கொண்டு வருவதில்லையாம். "பக்கத்துல யாருக்காச்சும் நாள்பட்ட இருமல்?" என்று மறுபடி கேட்டார். இந்தத் தடவை பதில் உடனே வரவில்லை. இருமுகிற கருப்பாத்தாளை உள்ளே வைத்து ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தியது யார்? நான்தான்.

9.7.2007

செக்கிங் டேபிளுக்குப் போனேன். "இருமல் எப்படிங்க இருக்குது?" கருப்பாத்தாள் நிமிர்ந்து நின்றாள், அக்கம்பக்கம் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க சார், நல்லா இருக்கறேனுங்க." எவ்வளவு தெளிவு! எத்தனை நல்ல வாத்தியார் நான்.

"ஆடிட் இல்லீங்க, நானாத்தான் கேக்கறேன்." மறுபடி அதே பதில், அதே ராகம். கடைசியில், "எனக்கு டிபி வந்திருக்குதுங்க" என்றேன். அவள் கையில் பிடித்திருந்த டீ-சர்ட்டை மடித்து வைத்தாள். மெதுவாகக் கேட்டாள், "ஆமான்னு சொன்னா வேலையவிட்டு நிறுத்தீருவீங்களா சார்?"

"மாட்டோம்" என்றேன். முதலாளியைக் கேட்காமல் கம்பெனி சார்பில் நான் சொன்ன முதல் உண்மை. உண்மையா என்று இனிமேல்தான் தெரியும்.

13.7.2007

கருப்பாத்தாளின் சளியில் கிருமி இருக்கிறது. முதலாளி, "கண்ணு, ஜெர்மன் பையருக்குத் தெரிஞ்சா என்னாகும்? கணக்க முடிச்சு அனுப்பீரு" என்றார். "அப்ப எனக்கும் சேத்து முடிச்சுருங்கண்ணா. எனக்கும் அதேதானுங்க" என்றேன். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். இருவருக்கும் சம்பளத்தோடு லீவு உடனே கிடைத்தது. இத்தனை வருஷம் தொண்டை வறளப் பேசி வாங்க முடியாததை ஒரு வார்த்தையில் வாங்கிவிட்டேன்.

தரணியிடம் சொன்னேன். சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு.

22.8.2007

அரசு டிபி மையத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், நர்ஸ் கண் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும். வாயைத் திறந்து காட்டவும் வேண்டும். என்னைப் போன்றவர்களுக்காகவே யோசித்துச் செய்த ஏற்பாடு. கருப்பாத்தாளும் பக்கத்து பெஞ்சில். "உங்க முதுகு ரொம்ப வளஞ்சுருச்சுங்க சார்" என்றாள். தெரிந்த விஷயம்தான், யாரும் சொல்லாமல் இருந்தார்கள்.

30.10.2007

மழை. எழ நாற்பது நிமிடம். சாக்ஸ்: தரணி.

18.2.2008, திங்கள்

மாத்திரைகள் போன மாதம் முடிந்தன. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. இன்று மறுபடி டிரிப் தொடங்க நாள் குறித்திருந்தார்கள். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, தீபாவளிக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

தராசில் ஏறினேன். நாற்காலி, தட்டு, சிஸ்டர் அன்புசெல்வி, அதே கேள்விகள். மருந்து எதிரிலேயே இருந்தது. காய்ச்சல் ஏதாவது?

யாரும் பார்க்காத ஒரு காய்ச்சல். தரணிக்குக்கூடத் தெரியாது.

"நேத்து சாயந்தரம் லேசா இருந்துச்சுங்க. நூறு. தொண்டை கரகரன்னு இருக்குது."

சிஸ்டர் குப்பியைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர் அம்மா வந்து பார்த்தார். சாதாரணச் சளியாகவே இருக்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம், சளியைச் சோதித்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். சரி என்றேன். எவ்வளவு பெரிய மனுஷன் ஆகிவிட்டேன்! வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் இரண்டு வாரம் சாக்ஸ் தரணிதான்.

திருப்பூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தரணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலை பட்ட இடத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே வலி. அவிநாசி தாண்டும்போது கண்ணைத் திறந்தாள்.

"தோள் வலிக்குதுங்களா?"

"இல்ல புள்ள, தூங்கு" என்றேன்.