மூன்றாவது அறையில் கேட்ட மூச்சு

நேற்று சாயங்காலம் கொடுங்கையூர்ப் பக்கமிருந்து புகை வந்தது. குப்பை மேட்டில் எங்கோ தீ பிடித்திருக்கும். ரப்பரும் ஈரத் துணியும் சேர்ந்து கருகுகிற அந்த நாற்றம் உனக்குத் தெரியும். தெருவில் எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் சாத்தவில்லை. முதலில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பீரோவும் சுவரும்தான் இருந்தன. ஆறு வருஷமாக இப்படித்தான். புகை வாடை வந்தால் கழுத்து தானாகப் பின்னால் திரும்பிவிடுகிறது. வீட்டில் கேட்டால் கழுத்து சுளுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உனக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்து, எழுந்து போயிருக்கிறேன். பயம்தான், வேறென்ன. எழுதினால் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவேண்டும். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் செத்துப்போனவனிடம் சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை. போன வாரம் உன் அக்கா வந்துவிட்டுப் போனாள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தண்டையார்பேட்டையில் பாய் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில்தான் நாம் சந்தித்தோம். நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கப்பல் காகிதங்களை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நீ எண்ணூர்ப் பக்கம் ஒரு கெமிக்கல் ஆலையில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில் சின்னச் சின்ன கேம் செய்கிற சாஃப்ட்வேர் இருந்தது. ஒரே நாளில் நாம் இருவரும் அதே சிடியோடு போய் நின்றோம். பாய் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கிறுக்கு. ஒரே மிஷின்ல குந்துங்கப்பா" என்றார்.

பிறகு காசிமேட்டு ஐஸ் பேக்டரியிலிருந்து சேவியர் வந்து சேர்ந்தான். ஐஸ் உருகுவதற்குள் படகில் ஏற்ற வேண்டும், அது அவன் கேம். கப்பல் சாயாமல் கன்டெய்னர் அடுக்க வேண்டும், அது என்னுடையது. ஞாயிறு மதியம், ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், ஒருவன் செய்ததை மற்றவன் ஆடிப் பார்ப்போம். முதல் இரண்டு மாதம் வெறும் சண்டை. ஆடுகிறவன் தடுமாறினால், "ரைட்ல போ, ஸ்பேஸ் தட்டு, அட தட்டுடா" என்று செய்தவன் கத்துவான். உனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"மாமு, நாளைக்கு வூடு வூடா போயி, ஆடறவன் பக்கத்துல குந்திகினு சொல்லிக்கினே இருப்பியா நீ? வாய மூடு" என்றாய்.

அன்றைக்கு நீ போட்ட சட்டம்தான் கடைசிவரை. செய்தவன் பின்னால் ஸ்டூலில் உட்காரவேண்டும். வாய் திறக்கக்கூடாது, தொடக்கூடாது. போன வாரத்திலிருந்து எதை மாற்றினான் என்று முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. ஆடுகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, ஏனென்றால் செய்தவன் மூஞ்சியே வழி காட்டிவிடும். மீறினால் எல்லோருக்கும் டீ. சேவியர் அந்த வருஷம் வாங்கிக்கொடுத்த டீயில் ஒரு படகு மிதக்கும். நீ ஒருமுறைகூட வாங்கித் தந்ததில்லை. நான் உன் கதாநாயகனைச் சுவரில் முட்டவிட்டு முட்டவிட்டுச் சாகடித்தாலும் பின்னாலிருந்து ஒரு முனகல் வராது.

கருத்துச் சொல்வதற்கும் உன்னிடம் சட்டம் இருந்தது. "ஸோக்கா கீதுன்னு சொல்றதுக்கு நீ எதுக்கு? அத்த எங்க அக்காவே சொல்லும். எந்த எடத்துல உன் கை நின்னுச்சு, அத்த எழுது" என்பாய். ஆபீஸில் வீணாகிற காகிதங்களின் பின்பக்கத்தில், ஆட ஆடவே நான் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது. குறை கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று நீயே சொல்லிவிட்டாய், போதாதா? கத்தி மாதிரி எழுத ஆரம்பித்தேன்.

நீ அந்த இருட்டு கேமைச் செய்யப்போவதாகச் சொன்னது திருவொற்றியூர்க் கடற்கரையில், கல் கொட்டியிருக்கிற இடத்தில். அலை அடித்துக் கல்லிடுக்கில் தண்ணீர் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. நீ என் முகத்தைப் பார்க்காமல் பேசினாய்.

"அன்னிக்கு ஆலையில கேஸு லீக்காச்சுல்ல, உள்ள மாட்டிக்கினேன் மாமு. லைட்டு போச்சு. கேஸு எங்க கீதுன்னு கண்ணுக்குத் தெரியாது. என் மூச்ச நானே கேட்டுகினு நடந்தேன். நெஞ்சு எரிச்சா திரும்பிடுவேன், எரியலன்னா முன்னாடி போவேன். அப்டியே வெளிய வந்தேன்."

அதற்குப் பிறகுதான் உனக்கு இழுப்பு வர ஆரம்பித்திருக்கிறது. சட்டைப்பையில் மூச்சு மருந்து டப்பா வைத்திருந்தாய். "அக்காவாண்ட வாய வுட்டுடாத. அப்பறம் வேலைக்கு வுடாது" என்றாய். நானும் விடவில்லை. தினமும் ஷிப்ட் சங்கு ஊதும்போது டைப் அடிக்கிற என் கை நின்றுவிடும். நீ உள்ளே போகிற நேரம் அது. பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, "பயந்தான். இத்த நாலு பேராண்ட குடுத்துட்டா எனக்குக் கொஞ்சம் கொறையுமா, பாக்கறேன்" என்றாய்.

கேம் இதுதான். திரை முழுக்க இருட்டு. நடுவில் டார்ச் வெளிச்சம் ஒரு வட்டம். ஐந்து அறைகளைத் தாண்டி ஏணியைப் பிடிக்கவேண்டும். கேஸ் கண்ணுக்குத் தெரியாது. கிட்டே போனால் கதாநாயகனின் மூச்சு வேகமாகும், விலகினால் அடங்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வழி. பாயின் ஹெட்போன் மைக்கை நான் பிடித்துக்கொள்ள, நீ மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்கி வந்து அதில் மூச்சு விட்டாய். பாய்கூட, "பாத்துப்பா, ஒனக்கு ஒத்துக்காது" என்றார்.

ஆடிப் பார்த்துவிட்டு நான் எழுதியது வரிக்கு வரி ஞாபகமிருக்கிறது. 'மூச்சு சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி இருக்கிறது. பயமே வரவில்லை, சிரிப்பு வருகிறது. வைத்தால் நிஜமாக வை, இல்லையென்றால் எடுத்துவிடு.' நீ படித்தாய். மடித்துப் பையில் வைத்தாய். "சர்தான்" என்று மட்டும் சொன்னாய். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புது சிடியோடு வந்தாய். அன்றைக்கும் குப்பை மேட்டுப் புகை. அதற்குள்ளேயே சைக்கிள் மிதித்து வந்திருந்தாய். கண் சிவந்திருந்தது. "ஒண்ணியும் இல்ல, ஸ்டார்ட் பண்ணு" என்றாய். சேவியர் வரவில்லை. பாய் வாசல் மேஜையில் இருந்தார். நாம் உள்ளே, அந்தப் பிளைவுட் தடுப்புக்குள். கதவைச் சாத்திக்கொண்டோம். நீ ஸ்டூலில் உட்கார்ந்தாய். நான் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு அறையில் ஸ்பீக்கரில் காலடிச் சத்தம் மட்டும். மூன்றாவது அறைக்குள் நுழைந்ததும் மூச்சு கேட்டது. சன்னமாக, அடியில் ஒரு விசிலோடு. எனக்குக் கை ரோமம் சிலிர்த்துவிட்டது. அடப்பாவி, எப்படிப் பிடித்தான் இதை என்று நினைத்தேன். இடதுபக்கம் போனேன், சத்தம் கூடியது. வலதுபக்கம் திரும்பினேன், கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. அதை நம்பித்தான் நடந்தேன். நான்காவது அறையில் கேட்கச் சகிக்கவில்லை, நெஞ்சுக்கூடு கிழிகிற மாதிரி இழுத்தது. எனக்கு வியர்த்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. பேனாவை எடுத்து, 'மூச்சு இப்போது நிஜம். பயம் வந்துவிட்டது. கை வைக்காதே' என்று எழுதினேன். ஐந்தாவது அறையில் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. சரி, கேஸைத் தாண்டிவிட்டேன் என்று விறுவிறுவென்று போய் ஏணியைப் பிடித்தேன்.

"ஜெயிச்சிட்டேன்டா" என்று திரும்பினேன்.

நீ தடுப்பில் சாய்ந்து கிடந்தாய். உதடு நீலம். கையில் அந்த மருந்து டப்பா. பிறகு அதை அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

பாயும் நானும் உன்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தான். கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாய் இறங்கிப்போய்க் கேட்காரனிடம் கத்தினார். அவன்தான் என்ன செய்வான்? பெரியாஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் உன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "எப்ப ஆரம்பிச்சது?"

மூன்றாவது அறையில், சார். அதுதான் பதில். அப்போதே எனக்கு அந்தச் சந்தேகம் வந்திருந்தது. "தெரியல சார்" என்றேன். காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கக்கூஸில் கிழித்துப் போட்டேன்.

அன்றிலிருந்து நான் ஒரே ஒரு கேள்விக்குப் பயந்து வாழ்கிறேன். நான் கேட்டது உன் ரெகார்டிங்கா, நீயா? ரெகார்டிங் என்றால் நான் ஏமாந்தவன். அதில் பாதி உன் திறமை, பாதி என் விதி என்று ஆற்றிக்கொள்ளலாம். நீதான் என்றால் என்ன சொல்ல? நீ கடைசியாகக் கொண்டுவந்த சிடி என்னிடம்தான் இருக்கிறது, போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆறு வருஷமாகப் போடவில்லை. இப்போது முன்பின் தெரியாதவர்கள் இன்டர்நெட் வழியாகத் தங்கள் சின்ன கேம்களை அனுப்புகிறார்கள். ஆடிப் பார்த்து எழுதி அனுப்புகிறேன், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு.

போன ஞாயிறு உன் அக்கா வந்தாள். இறால் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள், விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது. பாயைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறாள்.

"அவன் மூச்ச ரெக்கார்டு பண்ணி சிடில வெச்சிகிறியாமே தம்பி? எங்கிட்ட போட்டோ கீது. சத்தம் ஒண்ணுகூட இல்ல. ஒரு தபா போடேன், கேட்டுட்டுப் போறேன்."

சிடி காணவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். "பக்கத்துல வாக்கா, பக்கத்துல வா" என்று கெஞ்சி முன்னால் நகர்த்திப் போட்டேன். சிடியைப் போட்டேன்.

முதல் அறை, காலடிச் சத்தம். இரண்டாவது, காலடிச் சத்தம். மூன்றாவது அறைக்குள் போனேன். காலடிச் சத்தம் மட்டும்தான். இடதுபக்கம் போனேன், டார்ச் வட்டம் சுருங்கியது. வலதுபக்கம் வந்தேன், விரிந்தது. அவ்வளவுதான். மூச்சு இல்லை. எடுத்துவிட்டிருந்தாய். நான் சொன்ன மாதிரியே எடுத்துவிட்டு, அதற்குப் பதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருந்தாய். அருமையான மாற்றம், எனக்குத் தோன்றியிருக்காது. அதை அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை.

"இன்னா தம்பி, மூச்சு எங்க?" என்றாள்.

சொல்லிவிட்டேன். சட்டம், காகிதம், மூன்றாவது அறை, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம். கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அப்போ நீ கேட்டது ரெக்கார்டு இல்ல. அவனத்தான்."

"ஆமாக்கா."

"நிக்கற வரைக்கும் கேட்ட."

"கேட்டேன்."

"எப்டி இருந்திச்சு? டாக்டர் மாதிரி சொல்லாத. நீ கேட்ட மாதிரி சொல்லு."

இத்தனை பேருக்கு இத்தனை பக்கம் எழுதியவன், ஒரு வரி வரவில்லை. கடைசியில் அந்த மூச்சை வாயாலேயே விட்டுக் காட்டினேன். முதலில் சன்னமாக, அடியில் விசிலோடு. பிறகு நான்காவது அறையில் இழுத்தது போல. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கை மட்டும் எழுந்து வந்தது. என் முதுகைத் தடவ ஆரம்பித்தாள், மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. "ஒண்ணியும் இல்லடா, ஒண்ணியும் இல்ல. அக்கா கீறேன். மெதுவா வுடு" என்றாள்.

நிறுத்தவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஐந்தாவது அறை வந்தால் என்ன செய்வது என்று நடுக்கமாக இருந்தது. அங்கே மட்டும் போகவில்லை. அவள் கையை எடுக்கிறவரை நான்காவது அறையிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.