பொய்க் காமாலை

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.
12-3-1972

பிலாயில் இருக்கும் என் கணவர் குமாரவேல் அவர்களுக்கு ஏலவார்குழலி எழுதுவது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை யார் சுகம், யார் சுகமில்லை என்று எனக்குத் தெரியாது. மேலே போட்டிருக்கும் விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் இப்போது பிள்ளையார்பாளையத்தில் இல்லை. எங்கள் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கும் லோகாம்பாள் வீட்டில் தங்கியிருக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள் என்று உங்கள் அக்கா இதற்குள் எழுதியிருப்பார். ஓடவில்லை. பெட்டியோடு டவுன் பஸ் ஏறி, டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

நீங்கள் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பிய கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் அக்கா மகன் ஏகாம்பரத்துக்குத் தை மாதம் முழுவதும் மஞ்சள் காமாலை, படுத்த படுக்கையாகக் கிடந்தான், அதனால் வகுப்புக்கு வர முடியவில்லை என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிலாயில் உட்கார்ந்துகொண்டு காஞ்சிபுரத்துக் காமாலையை எப்படிப் பார்த்தீர்கள்? தகப்பன் இல்லாத பிள்ளை என்று கல்லூரியில் அவனுக்குக் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அந்தக் கையெழுத்தை இதற்கா பயன்படுத்துவது?

என் வேலை என்னவென்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலேயே சொல்கிறேன். வருடக் கடைசியில் வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை வகுப்புக்கு வந்தது என்று கூட்டிப் போட வேண்டும். வருகை குறைந்தவர்களின் பெயரைத் தனியே எழுதி, காரணத்தையும் எழுதி, ‘நான் அறிந்தவரை இவை எல்லாம் உண்மை’ என்று அடியில் ஒரே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதை நம்பி பிரின்சிபால் சிபாரிசு செய்தால்தான் ஹால் டிக்கெட் வரும். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிக் கையெழுத்து என்று அதில் கிடையாது. அதில் ஒருவனுக்காக நான் பொய் சொன்னால் மற்றப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதும் செல்லாது.

ஏகாம்பரம் படுக்கையில் கிடக்கவில்லை, தறியில் உட்கார்ந்திருந்தான். மெட்ராஸ் கடைக்காரர் கல்யாண ஆர்டர் கொடுத்திருந்தார். கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு, கரை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக வருகிறவன் வேறு தறிக்குப் போய்விட்டான் என்று உங்கள் அப்பா இவனைப் பிடித்து உட்கார வைத்தார். தினமும் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது அவன் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்ப்பான். நான் வகுப்புக்குப் போய் அவன் பெயரைக் கூப்பிடுவேன். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்சம் நிற்பேன். பிறகு ஆப்சென்ட் போடுவேன். பாவி வேலை என்று எனக்கே தோன்றும்.

பையனை அனுப்புங்கள் என்று உங்கள் அப்பாவிடம் அப்போதே சொன்னேன். “காலேஜ்ல பேர் கூப்பிடறதே நீதானேம்மா, அப்பறம் இன்னா கவலை?” என்று சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தது என் முட்டாள்தனம். போன மாதக் கடைசியில், இவனுக்கு வருகை போதவில்லை என்று சொன்னபோது மனிதர் உண்மையிலேயே திகைத்துப் போனார். “உன் கண்ணு எதிர்லயே உக்காந்துக்கினு இருந்தான். நீயும் பார்த்துக்கினேதானே போன? வர்லன்னு எப்டிம்மா போட்ட?” என்றார். அதற்குப் பிறகுதான் சொன்னார்: “குமாரு பொங்கலுக்கு வந்தப்பவே சொல்ட்டானே, பையனைத் தறியில வெச்சுக்கோங்க, அட்டெண்டன்ஸை குழலி பார்த்துக்குவான்னு.”

பொங்கலுக்கு வந்திருந்தீர்கள். உங்களுக்கு வடை தட்டிக்கொண்டு நான் அடுப்படியில் இருந்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஒரு வார்த்தை கேட்டீர்களா? என்னவோ உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் பேனாவைத் தூக்கிக் கொடுப்பதுபோல என் கையெழுத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள். நான் முடியாது என்று சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

அன்று முதல் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். “ஒரு கோடு போட்டா உன் கை ஒடிஞ்சா பூடும்? உன் வயித்துல ஒண்ணு பொறந்திருந்தா தெரியும்” என்றார் உங்கள் அக்கா. இதை நான் மறக்க மாட்டேன். உங்கள் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, நான் திருத்தி வைத்திருந்த விடைத்தாள் கட்டின் மேல் கொதிக்கிற ரசச் சட்டியை இறக்கி வைத்தார். அந்தக் கட்டில்தான் ஏகாம்பரத்தின் கணக்குப் பேப்பரும் இருந்தது. மார்க்கையும் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? பார்த்தேன். தைக்கு முன்னால் நடத்திய பாடத்தில் ஒரு கணக்கைக்கூட அவன் தப்பாகப் போடவில்லை. அதற்குப் பின் நடத்தியதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாங்கிய மார்க்கைத்தான் போட்டிருக்கிறேன்.

இவனுக்கு ஒரு பொய் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். என் வகுப்பில் பெரியநாயகி என்று ஒரு பெண். தென்னேரிப் பக்கத்துக் குடியானவர் மகள். ஏரிக்கரையில் நடந்து, வாலாஜாபாத்தில் பஸ் மாறி வருகிறவள். அவளுக்குக் கார்த்திகையில் நிஜமாகவே காமாலை வந்தது. கண் மஞ்சளாக வகுப்பில் மயங்கி விழுந்தவளை நான்தான் தாங்கிப் பிடித்தேன். அவள் அப்பா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் குணப்படுத்தினார். டாக்டர் சர்ட்டிபிகேட் கிடையாது. என் வார்த்தை ஒன்றுதான் அவளுக்குச் சாட்சி. வராத காமாலைக்கோ, உங்கள் அப்பா சர்ட்டிபிகேட்டே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

நானே பிரின்சிபாலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேஜை மேல் கிடந்த கடிதங்களைக் காட்டி, “மாசி பொறந்தா இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் காமாலை வந்துடுதும்மா” என்றார். கார்டியன் உண்மையை எழுதிக் கொடுத்தால், வீட்டு வேலைக்காக நிறுத்தப்பட்ட பையன் என்று சிபாரிசு செய்து பார்க்கிறேன், யுனிவர்சிட்டி மன்னித்தாலும் மன்னிக்கும் என்றார். “உங்க வீட்டுப் பிள்ளைக்கே பொய்ச் சர்ட்டிபிகேட் வந்தா, தென்னேரிப் பொண்ணைப் பத்தி நீங்க சொல்றதை நான் எப்படிம்மா நம்பறது?” என்றும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

இதை உங்கள் அப்பாவிடம் சொன்னேன். நெசவாளர் சங்கத்தில் வருடா வருடம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிற கை அவருடையது. “படிக்கிற பையனைத் தறியில உக்கார வெச்சேன்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு சங்கத்துல எப்டிம்மா தலை நிமிர்றது? காமாலைன்னு கையெழுத்துப் போடறதுன்னா இந்த வூட்ல இரு” என்றார். அதனால்தான் இப்போது செவிலிமேட்டில் இருக்கிறேன்.

பெட்டியை பஸ் நிற்கும் இடம்வரை ஏகாம்பரம்தான் தூக்கிக்கொண்டு வந்தான். என் மேல் கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். “காமாலைன்னு எழுத வேணாம் அத்தை. ஆனா நான் பரீட்சை எழுதணும்” என்றான். அவ்வளவுதான் பேசினான். அவனைத் திட்டவாவது முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பட்டியல் வருகிற வாரக் கடைசியில் போகிறது. அதற்குள் உண்மைக் கடிதம் வராவிட்டால், உங்கள் அப்பா தன் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு நேரே பிரின்சிபாலிடம் போவார். அப்புறம் ஹால் டிக்கெட் ஏகாம்பரத்துக்கும் இல்லை, பெரியநாயகிக்கும் இல்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே பதிலை எக்ஸ்பிரஸில் கல்லூரிக்கு அனுப்புங்கள். அப்பா நிறுத்தினார், அக்கா கேட்டாள், குழலி வற்புறுத்துகிறாள் என்று எதுவும் அதில் வேண்டாம். பையனைத் தறியில் உட்கார வைக்கச் சொன்னது நான்தான் என்று எழுதுங்கள். உங்கள் அப்பாவின் கோபம் இதுவரை என் மேல் விழுந்தது. இனி உங்கள் மேல் விழட்டும். தாங்கிக்கொள்ளுங்கள், பெற்ற பிள்ளைதானே.

ஏகாம்பரத்துக்காகக் கேட்கிறேன். பெரியநாயகிக்காகக் கேட்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

இங்ஙனம்,
ஏலவார்குழலி,
புகுமுக வகுப்பு ஆசிரியை.