சுரண்டாமல் ஒரு சுவர்

ஜூன் 12, வியாழன்

விடாத மழை. பின்னறையைத் திறந்தேன், கமலா காலமான பிறகு முதல் தடவை. சுவர் முழுக்கப் பொரிந்து உப்பியிருக்கிறது. தொட்டால் காரை உதிர்கிறது.

காலையில் மைதிலி கொல்லத்திலிருந்து போன். ஏழாம் மாதம். "பிரசவத்துக்கு நம்மாத்துக்குத்தான் வரணும்னு எனக்கு. ஆனா அம்மா இல்லாத ஆத்துல எப்படி விடறதுன்னு மாமியார் கேக்கறா. அடுத்த வெள்ளிக்கிழமை என்னோட வந்து பார்த்துட்டுச் சொல்றாளாம், அப்பா."

சம்பந்தி மாமி (இனி ச.மா.) வந்து பார்க்கட்டும். இந்தச் சுவரைப் பார்த்தால் பெண்ணை வாசலோடு திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

ஜூன் 13, வெள்ளி

பெயின்டர் தாசன் வந்தார். மார்த்தாண்டத்துக்காரர். "சாரே, பழசெல்லாம் சுரண்டிட்டு பட்டி பூசணும். இல்லேன்னா நிக்காது." ஆரம்பித்தார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அலமேலு மாமி குடையோடு ஆஜர்.

"பொண்ணு உண்டாயிருக்கறச்சே செவுத்தைச் சுரண்டப்படாது, கேட்டேளா! இடிக்கப்படாது, ஆணி அடிக்கப்படாது."

"அவ கொல்லத்துலன்னா இருக்கா?"

"எங்க இருந்தா என்ன? ரத்தம் இந்தாத்து ரத்தம்தானே?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? நிறுத்தச் சொன்னேன். மாமி மேல் கோபம், என் மேலும்.

தாசன் தலையைச் சொறிந்தார். "அப்ப உதிருறதத் தொடச்சிட்டு, பிரைமர் அடிச்சு, பேப்பர் ஒட்டுவோம் சாரே. பூப்போட்டது இல்ல, வெறும் வெள்ள. கெட்டியா இருக்கும். மேடுபள்ளம் தெரியாது. அதுக்கு மேல பெயின்ட்."

ஒட்டுவதற்கு தோஷம் உண்டா? மாமியிடம் விசாரித்தாயிற்று. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லையாம்.

ஜூன் 15, ஞாயிறு

இடுப்பு போயிற்று. தாசன் மேலே ஒட்ட, நான் கீழ்நுனியைப் பிடிக்க, நாள் முழுக்க. "பிடிச்சாப் போதும் சாரே, இழுக்காதீங்க." மாலைக்குள் நாலு சுவரும் முடிந்தது.

போகும்போது சொன்னார்: "ஃபேன் போடாதீங்க. அது பாட்டுக்குக் காயட்டு."

இந்த மழையில் எங்கே காய? அவர் தலை மறைந்ததும் ஃபேனைப் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

பேப்பர் இணைப்பெல்லாம் வாயைப் பிளந்து நிற்கிறது. தாசன் ஃபேனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓடிச்சோ?"

"கொஞ்ச நேரம்."

"என்ன சாரே..." தலையை ஆட்டிக்கொண்டு பசை வாளியை எடுத்தார். திட்டியிருக்கலாம்.

இரண்டு சுவரில் பிய்த்து மறுபடி ஒட்டவேண்டும். பிய்ப்பது சுரண்டுவதில் சேருமா? அலமேலு மாமியிடம் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

ஒருவழியாக ஒட்டி, காய்ந்து, முதல் கோட் வெளிர் மஞ்சள். வாங்க: கொசுவலை, ரப்பர் ஷீட், பக்கெட். ஆபீசுக்கு லீவு. தயிர்சாதம், நேற்றும் அதுவே.

ஒரே அசதி. அந்த அறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கமலா இருந்திருந்தால் சுவர் எப்படி இருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் இல்லாதது இன்று ரொம்பத் தெரிந்தது.

ஜூன் 20, வெள்ளி

மழை விட்டது. இருவரும் வந்தார்கள். ச.மா. உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"வழவழன்னு நன்னா இருக்கே! புதுசா பூசினேளா?"

"பேப்பர் ஒட்டினது."

"ஓ." நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி. ராத்திரி குழந்தை அழுதா யார் எழுந்துப்பா? பத்தியச் சமையல் யார் பண்ணுவா? இவளுக்கு ஒரு வலின்னா யார்கிட்ட சொல்லுவா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரமாகச் சுவருக்குத்தான் பதில் தயார் பண்ணியிருக்கிறேன்.

"நான்தான்," என்றேன்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

மைதிலி குறுக்கே வந்தாள். "எனக்கு மட்டும் என்னம்மா தெரியும்? நீங்களும் வந்து கொஞ்ச நாள் இருங்கோ. எங்க ரெண்டு பேருக்கும் சொல்லித் தாங்கோ."

ச.மா. அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எனக்குக் கட்டில் ஆகாது. ஒரு பாய் போட்டாப் போதும்," என்றாள்.

பாய் ஒன்று வாங்க வேண்டும்.