அடுத்த படகில் வரச் சொன்னார்கள்

ஆவணி, வெள்ளி இரவு. நயினாதீவு.

ஆசுபத்திரியில் என் இதயம் சில நிமிடம் நின்றுபோய் இன்றோடு ஒரு மாதம். மச்சாள் கோயிலடிப் பெண்களைக் கூட்டி வந்து, "அம்மன் நேரில வந்து இவவைத் திருப்பி அனுப்பினவ" என்று சொல்லத் தொடங்கினாள். ஒருத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் அம்மனைக் காணேல்லை. படகேறுற குறிகட்டுவான் துறையைத்தான் கண்டனான். படகுக்காரன் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி குடுத்தவன். என்ரை முறை வர, 'அங்கி முடிஞ்சுது அக்கா, அடுத்த படகில வாங்கோ' எண்டவன்" என்றேன்.

மச்சாளின் முகம் கறுத்தது. "சாகிற நேரத்திலயும் உங்களுக்குப் படகுதானோ?"

வேறென்ன? வாழ்நாளெல்லாம் அந்தத் துறையில் படகுக்குக் காத்து வெயிலில் காய்ந்தவள் நான். மூளை காட்டிய படம் என்றார் டொக்டர். இருக்கட்டும். தீவில் வளர்ந்த மூளை படகைத்தான் காட்டும். மச்சாள் செத்துப் பிழைத்தால் அம்மனைக் காணட்டும். நான் கண்டதை மாற்ற ஒருவரையும் விடமாட்டேன்.

எல்லாரும் போனபின் மச்சாள் மட்டும் வாசலில் நின்றாள். அவளுடைய அண்ணன்தான் செத்துப்போன என் கணவர்.

"அந்தப் படகில அண்ணை இருந்தவரோ?"

"இருந்தவர். அவரின்ரை அங்கியைக் கேட்டுப் பார்த்தனான். தரமாட்டன் எண்டிட்டார்."