உடன் வந்தவர்

அண்ணே,

போன செவ்வாய்க்கிழமை மதுரை ஆஸ்பத்திரிக்கு ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளப் போயிருந்தேன். நர்ஸம்மா நீட்டிய தாளில் வழக்கம்போல ‘உடன் வந்தவர்’ என்று ஒரு கட்டம், அதன் கீழே ‘உறவு முறை’. இரண்டையும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன். “யாரும் வரலையா?” என்று கேட்டார். “இல்லம்மா” என்றேன். ஏழு வருடம் அந்தக் கட்டத்தில் உங்கள் பெயர்தான் இருந்தது. உறவு முறையில் ‘அண்ணன்’ என்று நீங்களே எழுதிவிடுவீர்கள். உங்கள் தாளில் நான் ‘தம்பி’ என்று எழுதுவேன். இரண்டு நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை என்று கையெழுத்துப் போட்டதை அங்கே யாரும் கவனிக்கவில்லை.

நாம் சந்தித்ததும் அதே ஆஸ்பத்திரி வார்டில்தான். எனக்கு போடியில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. ஒருநாள் காலையில் வலது கண்ணை மூடிப் பார்த்தால், தட்டிலிருந்த காயெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தன. பச்சை போய்விட்டது. ஸ்கேன் எடுத்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்றார்கள். பெயரைத் திருப்பிச் சொல்லக்கூட வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஸ்டீராய்டு ஏறிக்கொண்டிருந்த நீங்கள், “போடியா? நானும் போடிதேன். எம்.எஸ்ஸுன்னு சொல்லு மாப்ளே, போதும்” என்றீர்கள். டாக்டர் சொல்லிப் புரியாததை நீங்கள் புரியவைத்தீர்கள்: “எலி கடிச்சு ஒயரு மேல இருக்குற ரப்பரு போயிருச்சுன்னு வையி. எஞ்சின் நல்லாத்தேன் இருக்கும். கரண்டு போய்ச் சேராது.”

நீங்கள் ஜீப் ஓட்டியவர். போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனவர். ஒரு வளைவில் வலது கால் பிரேக்கின் மேல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் குனிந்து பார்த்ததாகச் சொன்னீர்கள். கால் அங்கேதான் இருந்தது, ஆனால் அழுத்தம் தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரம் கட்டினீர்கள். வண்டியிலிருந்த பெண்களை இறக்கிவிட்டு, “பின்னால வண்டி வருது, அதுல ஏறிக்கிருங்கத்தா” என்றீர்கள். அதற்குப் பிறகு ஆள் ஏற்றவே இல்லை. காலையிலேயே குடித்திருந்தான் என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். குடித்தறியாத நீங்கள் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

எனக்கு வந்தது விட்டு விட்டு வரும் வகை. மருந்துக்குக் கொஞ்சம் கட்டுப்பட்டது. உங்களுடையது நிற்காமல் மெல்ல மெல்ல ஏறும் வகை. ஒவ்வொரு முறையும் டாக்டரிடம், “எங்க வகைக்குப் புது மருந்து வந்துச்சா சார்?” என்று கேட்பீர்கள். “ஆராய்ச்சி நடந்துக்கிட்டே இருக்கு” என்பார் அவர். “அதாச்சும் நடக்குதே” என்று கைத்தடியைத் தட்டிச் சிரிப்பீர்கள். டாக்டரும் சிரித்துவிடுவார்.

இனி சொல்ல வேண்டியது அந்த பஸ் ஸ்டாண்ட் விஷயம்.

தேவாரத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். நோயைப் பற்றி நான் சொல்லவில்லை. பெண்ணின் அப்பா வந்து பேசிவிட்டுக் கிளம்பியபோது பஸ் ஏற்றிவிடப் போனேன். கூட்டத்துக்குள்ளிருந்து உங்கள் குரல்: “மாப்ளே! செவ்வாக்கெழம மதுரைக்கு எத்தன மணி பஸ்சுக்குப் போவோம்?”

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். “யாரு இது?”

“தெரியலீங்க” என்றேன்.

நீங்கள் அருகில் வந்துவிட்டீர்கள். என் முகத்தை ஒரு நொடிதான் பார்த்தீர்கள். பிறகு அவரிடம், “மன்னிச்சுக்கிருங்க அண்ணாச்சி. ஆளு மாறிப்போச்சு. எனக்குக் கண்ணு சரியில்ல” என்றீர்கள்.

உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கண் கெட்டவன் நான்.

திரும்பும்போது கைத்தடி வழுக்கி விழுந்தீர்கள். அவர்தான் ஓடிப்போய்த் தூக்கினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். திரும்பி வந்த அவர், “பாவம், காலங்காத்தாலயே சரக்க ஏத்திக்கிட்டு வந்துருக்கான்” என்றார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் வர மாட்டீர்கள் என்று நினைத்தேன். துண்டைப் போட்டு எனக்கும் சேர்த்து சீட் பிடித்து வைத்திருந்தீர்கள். பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியது. பிறகு கேட்டீர்கள்: “பொண்ணு வீட்ல சொல்லிட்டியா?”

“இல்லண்ணே.”

“சொல்லிரு. விழுந்த ஆளத் தூக்கிவிட்ட மனுசன். அவருகிட்டப் போயி மறைக்காத.”

சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். “முன்னாடியே சொன்னதுக்குச் சந்தோசம் தம்பி” என்று எழுந்து போனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேறு பேச்சும் வரவில்லை. இப்போது கடை, வீடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரை, இவ்வளவுதான் நான். வெயிலில் நடந்தால் இடது கண் மங்குகிறது. மங்குகிறது என்று சொன்னால் புரிந்துகொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை.

நீங்கள் படுத்த படுக்கையான பிறகு வாரம் ஒருமுறை வந்தேன். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வருவேன். நீங்கள் கடையைப் பற்றிக் கேட்பீர்கள், காய் வரத்து எப்படி என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் கேட்கலாம் என்று திரும்பிவிடுவேன். ஐப்பசி மழையில் சளி நெஞ்சில் இறங்கி நாலே நாளில் போய்விட்டீர்கள். “நேத்து ஒங்களத்தேன் கேட்டாக தம்பி” என்றார் மதினி. என்ன கேட்டீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பயம்.

இந்த முறை டாக்டர் ஒன்று சொன்னார். உங்கள் வகைக்கும் மருந்து வந்திருக்கிறதாம். போனதைத் திருப்பித் தராதாம், வேகத்தைக் குறைக்குமாம். சட்டென்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

பிறகு எனக்கு ஞாபகச் சோதனை வைத்தார். ஐந்து சொற்கள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். மூன்றுதான் வந்தன. இந்த நோயில் சிலருக்கு அப்படியும் ஆகும், முக்கியமானதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் முதலில் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு நான் செய்தது மறந்துபோனால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம் அண்ணே.